வெறுங்கழுத்து

டிவியின் பிளக்கைப் பிடுங்கினால்தான் ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்க முடியும். ஹாலில் வேறு எந்த பாயிண்டும் அந்த அளவு பவரைத் தாங்காது என்று பெட்டியைக் கொண்டுவந்த ஆள் சொல்லிவிட்டான். ஹேமாவதி டிவி ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைத்து, தூசி அப்பிய வயரைத் தடவிக்கொண்டிருந்தாள். "அவசரம் இல்லம்மா, மெதுவா" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவசரம் இல்லைதான். காலையில் இருந்த அவசரமெல்லாம் கேம்ப் ரோடு சிக்னலோடு முடிந்துபோயிருந்தது.

பால் வாங்கப் போய்த் திரும்பிய மாமியார் முத்தாலம்மாள், பையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, "நெஞ்சுல என்னமோ அடைக்குது ஹேமா" என்று தரையில் உட்கார்ந்தாள். மதியழகன் சட்டைகூட மாட்டாமல் ஆட்டோ பிடிக்க ஓடினான். சிக்னலில் பஸ்களுக்கு நடுவே வண்டி மாட்டிக்கொண்டு நின்றபோது ஹேமாவதியின் மடியில் கனம் மாறியது. அவளுக்கு அது தெரிந்துவிட்டது. டிரைவருக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டு, ஹாரன் அடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்த புருஷனிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் மாமியாரின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

இப்போது வெயில் ஏறிவிட்டது. மாடம்பாக்கத்தில் அவர்கள் குடியிருந்த கீழ்ப் போர்ஷனின் வாசலில் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். முடிச்சூரிலிருந்து உறவுக்காரர்கள் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். முதலில் உள்ளே வந்தவள் தனக்கோடி, மாமனார் எதிராஜின் அக்கா. வாசலிலேயே குரலெடுத்து அழ ஆரம்பித்து, பெட்டியின் கண்ணாடி மேல் விழுந்து புரண்டு, மூக்கைச் சிந்தி நிமிர்ந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தாள்.

"இன்னாடி இது, கழுத்துல ஒண்ணியும் காணோம்?"

"அவங்க போடறது இல்லையே பெரியத்தை" என்றாள் ஹேமாவதி.

"அது தெரியும்டி. கழட்டி வெச்சது எங்க கீது? எட்தாந்து போடு."

"சிவன் கோயில் உண்டியல்ல போட்டுட்டாங்க."

தனக்கோடி மார்பில் கை வைத்துக்கொண்டாள். சுற்றியிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவளே தேறிக்கொண்டு, "சரி, போவட்டும். என் தம்பி வந்துகினு கீறான். புதுசா ஒரு மஞ்சக்கயித்த கட்டி, பூவும் பொட்டுமா அனுப்பிச்சிடலாம். புருசன் இருக்கசொல்லோ போறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றாள். அதற்குப் பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி மஞ்சள் கிழங்கு இருக்கிறதா என்று கேட்டாள்.

ஹேமாவதி சமையலறைக்குப் போனாள். பால் பாக்கெட்டுகள் பைக்குள்ளேயே வியர்த்துக் கிடந்தன. அவற்றைப் பிரிட்ஜில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வக்கீல் சின்மயிக்கு போன் போட்டாள்.

விஷயத்தைச் சொன்னாள். "அடுத்த மாசம் தீர்ப்பு வந்திருக்கும்" என்றாள் சின்மயி.

"இப்ப அந்தக் கேஸ் என்ன ஆகும் மேடம்?"

"அத்தோட நின்னுடும்மா. கேஸ் போட்டவங்க இறந்துட்டா விவாகரத்துக்குத் தீர்ப்புன்னு ஒண்ணு வராது. எழுதி முடிச்சிடுவாங்க." கடைசியாக, "லஞ்ச் டைம்ல வரேன்" என்றாள்.

முத்தாலம்மாள் முடிச்சூர் வீட்டை விட்டு வந்தது சொல்லாமல் கொள்ளாமல் நடந்தது. மகன் கல்யாணம் முடிந்து மாடம்பாக்கத்தில் தனிக்குடித்தனம் வந்த பிறகு, ஒரு நாள் துணிப்பையோடு வந்து நின்றாள். ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். பொங்கல் வந்தது, போனது, அவள் போகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோதுதான் அதைக் கேட்டாள்.

"ஏம்மா ஹேமா, கோர்ட்டுல வெலக்கு வாங்கறதுன்னா எங்க போவணும்?"

"யாருக்கு அத்தை?"

"எனக்குத்தான்."

ஹேமாவதி கீரைக் காம்பை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். மாமியார் மட்டும் ஆய்வதை நிறுத்தவில்லை.

மதியழகனுக்குக் கோபம் வந்தது. "இங்க உன்ன யாராவது ஒரு வார்த்தை சொன்னாங்களா? இந்த வயசுல கோர்ட்டு வாசல்ல போய் நிக்கணுமா? என் பிரெண்ட்ஸ் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்று கேட்டான். அவன் பல நாள் ஹேமாவதியோடு பேசாமல் இருந்தான். முடிச்சூரிலும் பேச்சு அதுதான்: மருமகள்தான் ஏற்றிவிட்டாள், பெரியவர் பேரில் இருக்கும் மனையெல்லாம் கைக்கு வரவேண்டும் என்று பார்க்கிறாள்.

மனையைப் பற்றி முத்தாலம்மாள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள் என்று ஹேமாவதி வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீஸில் ஒரு டீச்சர் சொன்னாள். பர்மிஷன் போட்டுவிட்டு மாமியாரை பஸ்ஸில் தாம்பரம் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே சட்ட உதவி மையத்தில் ஒதுக்கிக் கொடுத்த வக்கீல்தான் சின்மயி. சின்ன வயசு. கறுப்புக் கோட்டின் தோள்பட்டை அவளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"காரணம் என்னன்னு எழுதணும்மா. அடிச்சாரா? வேற பெண்ணோட தொடர்பு இருக்கா?"

"அதெல்லாம் உண்டும்மா. அதுக்கு இல்ல."

"பின்ன?"

முத்தாலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வெள்ளம் வந்துதே, அந்த வருசம். முடிச்சூருல எங்க தெருவே முழுவிப்போச்சு. நானும் என் புள்ளயும் மொட்டமாடில நின்னோம். மழ வுடல. இவருக்குப் பெருங்களத்தூருல இன்னொரு வூடு உண்டு. மொதல்ல அங்கதான் போயிருந்தாரு. சரி, அதுவும் உசுருதான, தப்பில்ல. படகு வந்து எங்கள எறக்கிச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் வந்தாரு. சேத்துல கால வெச்சி உள்ள வந்து, பீரோல இருந்த பத்திரம் நனைஞ்சிடுச்சான்னு கேட்டாரு. இல்லன்னேன்."

சின்மயி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லம்மா. அதான்."

மனுவில் கொடுமை என்றும் கைவிட்டது என்றும் எழுதினார்கள். சின்மயி படித்துக் காட்டியபோது, கோர்ட்டு பாஷையில் அப்படித்தான் இருக்குமாக்கும் என்று முத்தாலம்மாள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் மதியழகன் இருவரையும் கொண்டுவந்து விடுவான். உள்ளே வரமாட்டான். எதிர்ப்புறம் டீக்கடையில் நிற்பான். சமரசம் பேச ஒரு நாள் குறித்தார்கள். துணைக்கு வந்தவள் என்று ஹேமாவதியையும் அந்த அறைக்குள் உட்காரவிட்டார்கள். எதிராஜ் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், பஞ்சாயத்துக்கு வந்தவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சோத்துக்குக் கொற வெச்சனா மேடம்? நகைநட்டு செய்யலியா? ஊர்ல எவனாவது இவள மரியாத இல்லாம பேசியிருப்பானா? வூட்டுக்கு வரச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணியும் வேணாம்."

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று சமரசம் பேசியவர் முத்தாலம்மாளைக் கேட்டார்.

"இவரு மேல எனக்குக் கோவம் இல்லீங்க" என்றாள் அவள். "கோவம் இருந்தா அங்கயே இருந்து சண்ட போட்டிருப்பேன். இவரு பேர சொல்லி பூவும் பொட்டும் வெச்சிக்க என்னால முடியல. உசுரோட இருக்கும்போதும் வேணாம். செத்தாலும் வேணாம்."

எதிராஜ் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். வெளியே வந்து, டீக்கடையில் நின்ற மகனிடம், "உங்கம்மாவுக்குப் புத்தி பெரண்டு போச்சுடா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

இன்றைக்கு எதிராஜ் வந்து இறங்கியபோது மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். தோளில் துண்டு, கையில் துணிக்கடைப் பை. வீட்டை அடையாளம் தெரியாமல் எதிர்வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளில் அவர் இங்கே வந்ததே இல்லை. அவருடைய தம்பி சம்பந்தம் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். காம்பவுண்டுச் சுவரில் அப்போதுதான் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பசை வழிந்துகொண்டிருந்தது. மகன் கல்யாணத்தில் எடுத்த பழைய போட்டோ. அதற்குக் கீழே, 'முடிச்சூர் எதிராஜ் அவர்களின் துணைவியார்' என்று பெரிய எழுத்து. முத்தாலம்மாளின் பேர் அதற்கும் கீழே, கொஞ்சம் சின்னதாக. சம்பந்தம் ராஜகீழ்ப்பாக்கம்வரைக்கும் ஒட்டச் சொல்லிவிட்டதாக மதியழகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் சரி சித்தப்பா, சரி சித்தப்பா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

எதிராஜ் பெட்டிக்கு முன்னால் நின்றார். அழவில்லை. இடுப்புவரை குனிந்து கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். மூச்சு பட்டுக் கண்ணாடியில் ஆவி படிந்தது. துண்டால் அதைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "எளச்சிப் போய்கீறா" என்று யாரிடமோ சொன்னார். பையிலிருந்து அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது ஹேமாவதிக்கு.

சின்மயி ஒரு சின்ன ரோஜா மாலையோடு வந்தபோது, பின்பக்கம் குளிப்பாட்டப் படுதா கட்டிக்கொண்டிருந்தார்கள். கோட்டைப் பையில் திணித்துவிட்டு, மாலையைப் பெட்டி மேல் போட்டுவிட்டு, ஹேமாவதியின் பக்கத்தில் வந்து நின்றாள். என்ன நடக்கப்போகிறது என்று ஹேமாவதி இரண்டே வார்த்தையில் சொன்னாள்.

"மதி சார் என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல."

பெண்கள் எண்ணெயும் சீயக்காயும் வைத்துக் குளிப்பாட்டினார்கள். ஹேமாவதிதான் தலை தேய்த்துவிட்டாள். தண்ணீர் ஊற்ற ஊற்ற, தூங்குகிறவளைத் தொந்தரவு செய்வதுபோல் இருந்தது. பட்டுப்புடவையைச் சுற்றி ஹாலில் பெஞ்சில் கிடத்தியதும், தனக்கோடி ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். மஞ்சள், குங்குமம், மல்லிகைப்பூ, மஞ்சள் தடவிய கயிறு. "தம்பி, வாடா. கையால கட்டிவுடு" என்று கூப்பிட்டாள். வெளியே மேளச் சத்தம் நின்றது.

"வேணாம் பெரியத்தை" என்றாள் ஹேமாவதி.

தான் இவ்வளவு சத்தமாகச் சொல்லுவோம் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. வாசலில் நின்ற ஆண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாடி வேணாம்?"

"தாலி வேணாம். குங்குமம் வேணாம். அவங்க வேணாம்னு சொன்னாங்க."

"உன்னாண்ட சொன்னாளா? நீதான சொல்லிக் குடுத்த? கோர்ட்டுக்கு இட்டுகினு போய் குடும்பத்து மானத்த வாங்கின. இப்ப பொணத்துகிட்டயும் பேஜார் பண்றியா?" தனக்கோடியின் குரல் உடைந்தது. அவள் வெறும் ஆத்திரத்தில் பேசவில்லை. புருஷனை இழந்து, பூ வைக்காமல் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். தம்பி பொண்டாட்டிக்குக் கிடைத்ததை ஏன் வேண்டாமென்று தள்ளுகிறார்கள் என்று அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. சின்மயியைப் பார்த்து, "ஏம்மா, நீதான வக்கீலு? கேஸு முட்ஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

"முடியலைங்க."

"அப்ப இவ யாரு? எந்தம்பி பொண்டாட்டிதான?"

சின்மயி ஹேமாவதியைப் பார்த்தாள். பொய் சொன்னால் இந்த நிமிஷமே தீர்ந்துவிடும் என்று ஹேமாவதி நினைத்தாள். சின்மயியும் அதை நினைத்திருக்க வேண்டும்.

"சட்டப்படி ஆமாங்க" என்றாள் சின்மயி. "ஆனா அவங்களுக்கு என்ன வேணும்னு சட்டத்தக் கேக்க வேண்டியதில்ல. அவங்களே சொல்லிட்டாங்க."

அந்தப் பேச்சின் பின்பாதி யார் காதிலும் ஏறவில்லை. "அவ்ளோதான்! பொண்டாட்டிதானாம். கட்றா" என்று தனக்கோடி கயிற்றை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தாள். எதிராஜ் அதை வாங்கிக்கொண்டு குனிந்தார். ஹேமாவதி வேறொன்றும் தோன்றாமல், தன் உள்ளங்கையை மாமியாரின் கழுத்தின்மேல் வைத்து மூடினாள். ஐஸின் குளிர்ச்சி இன்னும் போகவில்லை. கை விறைத்தது. அவள் எடுக்கவில்லை.

யாரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். மதியழகன். மொட்டை அடித்திருந்த தலையோடு, வெற்று உடம்பில் ஈர வேட்டியோடு நின்றான். தன்னை இழுத்து விடத்தான் வருகிறான் என்று நினைத்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் அவள் பக்கத்தில் மண்டியிட்டான். தன் கையை எடுத்து அவள் கையின்மேல் வைத்தான்.

"வேணாம்பா" என்றான்.

"டேய், நீயுமாடா?" என்றாள் தனக்கோடி.

"அம்மாவுக்கு வேணாம்னா வேணாம் அத்தை. வுட்டுடு."

எதிராஜ் குனிந்த வாக்கிலேயே இருந்தார். ஹேமாவதிக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில், அவர் முகம். ஷேவ் செய்யாத தாடையில் வெள்ளை முள்ளாக முடி.

"அந்த ரூமுல சொன்னாளே, அதானே?" என்று அவளிடம் மெல்லக் கேட்டார். "கோவத்துல சொல்றான்னு நெனச்சேன்."

"கோவம் இல்லன்னுதான் மாமா சொன்னாங்க."

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். அக்காவின் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

"வுடுக்கா. போவட்டும்."

தனக்கோடி தட்டோடு சமையலறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, இந்த முறை சத்தம் போடாமல் அழுதாள். ஹேமாவதி எழுந்து குளியலறைக் கண்ணாடிக்குப் போனாள். கண்ணாடியின் ஓரத்தில் முத்தாலம்மாள் தினம் குளிக்கப் போகும்போது எடுத்து ஒட்டி வைக்கும் ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. மெரூன் கலர், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. பசை காய்ந்துபோயிருந்ததால் நாக்கில் தொட்டு ஈரப்படுத்திக் கொண்டுவந்து நெற்றியில் ஒட்டினாள். மாமியார் பஸ்ஸுக்குக் கிளம்புகிற முகம் வந்துவிட்டது. மல்லிகையை யாரும் வைக்கவில்லை. பெட்டி மேல் சின்மயி போட்டிருந்த ரோஜா மாலையை மட்டும் எடுத்துப் போட்டார்கள்.

வாய்க்கரிசி போட்டார்கள். மதியழகன் தீச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வண்டி கிளம்பியது. பெண்கள் தெருவில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார்கள். சுவரிலிருந்த போஸ்டர் காய்ந்து, சுருக்கமில்லாமல் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை என்ன செய்வது என்று ஹேமாவதிக்குத் தோன்றவில்லை. ராஜகீழ்ப்பாக்கம்வரை அதுதான் ஒட்டியிருக்கும்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். உறவுக்காரர்கள் தலைக்குக் குளித்துவிட்டு சாமியானாவுக்கடியில் போய் உட்கார்ந்தார்கள். ஹேமாவதி ஹாலைத் துடைப்பதற்காக உள்ளே வந்தபோது எதிராஜ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போவலையா மாமா?"

"தெருக்கோடி வரிக்கும் போனேன். முட்டி வலி."

இன்றைக்கு இந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மா சாவித்ரி பிளாஸ்கில் காபி கொடுத்தனுப்பியிருந்தாள். ஹேமாவதி ஒரு டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"இங்க வந்து நல்லா இருந்தாளா?"

"இருந்தாங்க மாமா."

"இன்னா செய்வா, பகலெல்லாம்?"

"காலைல கோயில் வரைக்கும் நடப்பாங்க. மத்தியானம் மேல சாவித்ரியம்மாவோட உக்காந்து பேசிட்டு இருப்பாங்க. ரெண்டு பேரும் செம்பாக்கம் ஏரிப் பக்கம் போய்ட்டு வருவாங்க."

"நடப்பாளா? அவ்ளோ தூரமா?" என்றார். இன்னொரு வாய் குடித்தார். டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே, "காப்பிக்குச் சக்கர போட்டுக்குவாளா அவ?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. சுகர் இருந்துச்சுல்ல."

"எப்பலேர்ந்து?"

ஹேமாவதி பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினாள்.

"முடிச்சூர்ல இருக்கும்போதே இருந்துதாம் மாமா."

அவள் தரை துடைக்கும் துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தாள். மூலையிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தாள். பெஞ்ச் கிடந்த இடத்தில் சிந்தியிருந்த அரிசியைக் கையால் கூட்டி அள்ளினாள். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு நிமிஷம் நின்றாள். எதிராஜ் காபி டம்ளரை மார்போடு பிடித்தபடி, இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார். அவள் நாற்காலிக்கு அடியிலும் துடைத்தாள்.